குஞ்சு வருமுன் தண்ணீர் பழக வேண்டும்

கேள்வி: கோபிக்குப் பக்கத்தில், கொடிவேரிப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். நெல்லும் மஞ்சளும் போக, மூலையில் பத்து சென்ட் குட்டை வெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்கிறேன். மீன் நுண்குஞ்சு (பொரித்து மூன்று நாளான குஞ்சு) வாங்கி, விரல் நீளத்துக்கு வளர்த்து விரலியாக்கி விற்கலாம் என்று எண்ணம். போன ஆடியில் போர்த் தண்ணீர் விட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து, ஐந்தாம் நாள் கட்லா, ரோகு நுண்குஞ்சு ஒரு லட்சம் விட்டேன். தண்ணீர் அடி தெரிகிற அளவுக்குப் பளிங்கு மாதிரி இருந்தது. நான்காம் நாளிலிருந்து சாக ஆரம்பித்து, எட்டாம் நாள் பார்த்தால் கால்வாசிகூடத் தேறாது. மருந்துக் கடையில், "குஞ்சு வயிற்றில் நல்ல பாக்டீரியா இல்லைங்க" என்று சொல்லி ஒரு புரோபயாட்டிக் டப்பாவும் ஆன்டிபயாட்டிக் பொடி ஒன்றும் கொடுத்தார்கள். இரண்டையும் போட்டேன், பலன் இல்லை. மீன்குஞ்சுக்கு நல்ல பாக்டீரியா தாயிடமிருந்து வருமா, நாம்தான் கொடுக்க வேண்டுமா? எத்தனையாவது நாளில் கொடுத்தால் குடலில் ஒட்டும்? தயிர், ஜீவாமிர்தம் மாதிரி வீட்டுப் பொருள் போதுமா?

பதில்: வணக்கம்ங்க. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரிதான்: "தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது." குடிக்கிற தண்ணீரென்றால் அது நல்ல செய்தி. நுண்குஞ்சு விடுகிற குட்டைக்கு அதைவிட மோசமான செய்தி கிடையாது. ஏன் என்று சொல்லிவிட்டு டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் தாயைப் பற்றிக் கேட்டீர்கள். கன்றுக்குட்டி பிறக்கும்போதே தாய் உடம்பிலிருந்து கிருமிகளை வாங்கிக்கொண்டு வருகிறது. அப்புறம் நக்கிவிடுவதிலும் சீம்பாலிலும் இன்னும் வாங்குகிறது. கட்லா, ரோகுவுக்கு அந்தப் பேறு இல்லை. தாய் மீன் முட்டையைத் தண்ணீரில் கொட்டுகிறது, ஆண் மீன் விந்தைக் கொட்டுகிறது, அத்தோடு சரி. பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உறவு முடிந்தது. முட்டைக்குள்ளே பொதுவாக நுண்ணுயிர் எதுவும் இருப்பதில்லை. ஓட்டின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வந்தது. (திலேப்பியா இதில் கொஞ்சம் வேறு ஜாதி. தாய் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. அதனால் தாயின் வாயிலிருப்பதும் குஞ்சின் மேல் படும். நீங்கள் விட்டது கெண்டை இனம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

நம் ஊர் வெப்பத்தில் கெண்டை முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வாயும் திறந்திருக்காது, குடலும் சரியாக உருவாகியிருக்காது. வயிற்றுக்கடியில் தொங்குகிற மஞ்சள்கருப் பைதான் அதற்கு மூன்று நாள் சோறு. மூன்றாம் நாள்வாக்கில் பை வற்றும், வாய் திறக்கும், குடல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழியாகும். பொரிப்பகத்தில் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து உங்களுக்கு விற்பது சரியாக இந்த நாளில்தான். அதாவது குஞ்சின் வயிற்றுக் கதவு திறக்கிற நாளும் அது உங்கள் குட்டைக்கு வந்து இறங்குகிற நாளும் ஒன்றே. யார் முதலில் உள்ளே போவது என்பதைத் தீர்மானிப்பது பொரிப்பகக்காரரைவிட அதிகமாக நீங்கள்தான்.

இன்னொரு விஷயம். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. நமக்கு உள்ளே போகிற கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பை அமிலம் சாகடித்துவிடும். கெண்டைக்கு வாய்க்கு அடுத்தது நேராகக் குடல்தான். வாசலில் காவல்காரர் இல்லாத வீடு. வளர்ந்தபிறகும் அப்படித்தான். மூன்று நாள் குஞ்சில் அந்தக் குடல் ஒரு நேரான இழை.

ஒரு நாள் காலை வெயிலில், பொரிப்பகத்திலிருந்து வந்த பையிலிருந்து ஐந்தாறு குஞ்சை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு கறுப்புக் கண், ஒரு கண்ணாடி உடம்பு. கையில் பூதக்கண்ணாடி இருந்தால் உடம்புக்கு நடுவே நூல் மாதிரி ஒரு கோடு ஓடுவது தெரியும். அதுதான் குடல். காலியாக இருந்தால் கண்ணாடியாகவே இருக்கும். அதே குஞ்சைப் பச்சைத் தண்ணீரில், அதாவது பாசி மிதந்து பச்சை நிறமான குட்டைத் தண்ணீரில், இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள்: கோடு பச்சையாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருக்கும், லேசாக நெளிவதும் தெரியும். அந்த முதல் கவளத்தோடுதான் முதல் பாக்டீரியாவும் உள்ளே போகிறது. குஞ்சு தின்கிற ரோட்டிஃபர், மோய்னா போன்ற மிதவை உயிர்கள் ஒவ்வொன்றும் தன் உடம்பில் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. பச்சைத் தண்ணீரில் இரையும் நுண்ணுயிரும் ஒரே பந்தியில் பரிமாறப்படுகின்றன.

அந்தப் பாக்டீரியா இல்லாவிட்டால்தான் என்ன? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மீன் தொட்டியில் வளர்ப்போமே, நீலக்கோடு போட்ட ஜீப்ரா மீன், அதன் முட்டை ஓட்டைக் கிருமிநீக்கம் செய்து, கிருமியே இல்லாத தண்ணீரில் பொரிக்க வைத்தார்கள். ஜான் ரால்ஸ், ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. அப்படி வளர்ந்த குஞ்சுகளில் குடல் சுவரின் செல்கள் புதுப்பிக்கப்படுவது குறைந்தது. சத்தைக் கையாளுகிற, நோயை எதிர்க்கிற மரபணுக்கள் பல சரியாக முடுக்கப்படவில்லை. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, குடலில் பாக்டீரியா இருக்கும் ஜீப்ரா குஞ்சு தீனியிலிருக்கும் கொழுப்பைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று காட்டியது. ஆகவே கடைக்காரர் சொன்ன "வயிற்றில் நல்ல பாக்டீரியா வேண்டும்" என்பது பொய்யில்லை. அதைக் கொண்டுவருகிற வழியில்தான் எனக்கு அவரோடு சண்டை.

ரால்ஸ், கார்டன் குழு 2006-ல் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலியின் குடல் பாக்டீரியாவை எடுத்துக் கிருமியில்லாத ஜீப்ரா மீனுக்குக் கொடுத்தார்கள். மீனுடையதை எடுத்து எலிக்குக் கொடுத்தார்கள். போனவை பிழைத்தன. ஆனால் யார் அதிகம், யார் குறைவு என்ற விகிதம் மாறிவிட்டது: மீனுக்குள் போன எலிக் கூட்டம் மீனின் கூட்டம் போலவும், எலிக்குள் போன மீன் கூட்டம் எலியின் கூட்டம் போலவும் சாய்ந்தது. பக்கத்துக் காட்டு மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டினாலும், நாலு மழைக்குப் பிறகு உங்கள் தோட்டத்தில் உங்கள் தோட்டத்துக் களைதானே முளைக்கிறது, அந்த மாதிரி. குடல் தனக்கு வேண்டியவர்களைத் தானே வடிகட்டிக்கொள்கிறது. நம்மால் முடிந்தது நல்ல கூட்டத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதுதான்.

இந்த வடிகட்டல் ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. முதல் சில நாட்களில் குஞ்சின் குடலில் இருப்பது தண்ணீரிலும் தீனியிலும் என்ன இருந்ததோ அதுதான், பாதி தற்செயல். குஞ்சு வளர வளர, குடல் நீண்டு மடிந்து, உள்ளே ஆக்சிஜன் குறைந்த இடங்கள் உண்டாக, அங்கே வாழத் தெரிந்தவை தங்குகின்றன, மற்றவை கழிந்து போகின்றன. கெண்டையிலும் திலேப்பியாவிலும் அப்படித் தங்குகிற ஒன்றின் பெயர் சீட்டோபாக்டீரியம். அது வைட்டமின் பி12 தயாரிக்கும். கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் தீனியில் பி12 தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று சொல்வது இந்த மாதிரி குடல்வாசிகளின் புண்ணியத்தில்தான். கடையில் விற்கிற டப்பாவில் இந்த சீட்டோபாக்டீரியம் இருந்து நான் பார்த்ததில்லை. ஆக்சிஜன் பட்டால் ஆகாத ஜீவனைப் பொடியாக்கி அலமாரியில் வைப்பது லேசான காரியமில்லை.

சரி, உங்கள் பளிங்குத் தண்ணீருக்கு வருவோம். போர்த் தண்ணீரில் உயிர் என்று சொல்ல அதிகம் இருக்காது. நம் பழைய தோட்டத்துக் கிணறுகளில் பாசி பிடித்த படியில் தவளையும் பூச்சியும் இருக்கும், தண்ணீரே லேசாகப் பச்சையடித்திருக்கும். போர்த் தண்ணீர் ஆழத்துப் பாறையிலிருந்து நேராக வருகிறது. அதில் பிளீச்சிங் பவுடரும் போட்டு, கொஞ்சநஞ்சம் இருந்ததையும் துடைத்துவிட்டீர்கள். களத்தைப் பெருக்கி வைத்த மாதிரி. ஆனால் காலிக் களம் காலியாகவே கிடக்காது. குளோரின் அடங்கியதும், தீனித்தூள் விழுந்ததும், முதலில் ஓடி வருவது வேகமாகப் பெருகத் தெரிந்த கூட்டம். குஞ்சு தளர்ந்தால் நோயாக்குகிற ஏரோமோனாஸ் மாதிரி சந்தர்ப்பவாதிப் பாக்டீரியாக்கள் அதில்தான் அடக்கம். நிதானமாக வளர்ந்து, இருக்கிற கொஞ்ச சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இடம் கொடுக்காத பாக்டீரியாக்கள் வந்து சேர நாளாகும். நார்வே நாட்டில் கடல்மீன் பொரிப்பகங்களில் இதைத்தான் கண்டார்கள்: கிருமிநீக்கம் செய்த தண்ணீரை உடனே பயன்படுத்துவதைவிட, அதைச் சில நாள் முதிரவிட்டு அப்புறம் குஞ்சை விட்டால் பிழைப்பது மேல். "முதிர்ந்த நீர்" என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நானே இந்தத் தப்பைச் செய்து பாடம் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொரிப்பகத்தில் நான்கு சிமென்ட் தொட்டி என் பொறுப்பு. மூன்றைத் தேய் தேயென்று தேய்த்து, மருந்தடித்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். நான்காவதின் வடிகால் அடைத்துக்கொண்டதால் கழுவ முடியவில்லை. சுவரெல்லாம் பாசி, தண்ணீர் முருங்கைக்கீரைச் சாறு மாதிரி. மிச்சமிருந்த குஞ்சை வேறு வழியில்லாமல் அதில் விட்டேன். பத்து நாள் கழித்து விற்பனைக்குத் தேறியது அந்த நான்காவது தொட்டிதான். பெரியவர் ஒருவர் தொட்டி ஓரத்தில் நின்று, "புதுச் சட்டியில தயிர் உறையாதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்காக உங்கள் குஞ்சு செத்தது பாக்டீரியாவால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் முதல் சந்தேகம் பட்டினி. அடி தெரிகிற தண்ணீரில் மிதவை உயிர் இல்லை. மஞ்சள்கரு வற்றி மூன்று நான்கு நாளில் சாவது பட்டினியின் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டாவது, பிளீச்சிங் பவுடரின் வீரியம் அடங்க 7 முதல் 10 நாள் வேண்டும். நீங்கள் ஐந்தாம் நாளே விட்டிருக்கிறீர்கள். மூன்றாவது, நீர்ப்பூச்சி. முதுகு கீழாக நீந்துகிற பூச்சி ஒன்று இருக்கிறதே, அது ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை நுண்குஞ்சைக் குத்தி உறிஞ்சும் என்பதற்குக் கணக்கே இல்லை. இந்த மூன்றையும் தாண்டித்தான் குடல் பாக்டீரியா வருகிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பட்டினிக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து ஒன்றே: பழகிய, பச்சைத் தண்ணீர்.

அடுத்த ஈட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். குஞ்சு வருகிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதினைந்து நாள் முன்பே குட்டையை நிரப்புங்கள். போர்த் தண்ணீரென்றால் குழாயை உயர்த்திக் கட்டி, மழை மாதிரி விழவிடுங்கள். காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறும். புது ஷீட், புதுப் போர்த் தண்ணீர், களை மீன் இல்லை என்றால் பிளீச்சிங் பவுடரே வேண்டாம். வாய்க்கால் தண்ணீர் விட்டால் களை மீன் முட்டையும் குஞ்சும் சேர்ந்து வரும், தண்ணீர் நுழைகிற இடத்தில் நெருக்கமான வலைத்துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உரம். ஏக்கருக்கு 300 கிலோ கடலைப் புண்ணாக்கு, 80 கிலோ பச்சைச் சாணம், 20 கிலோ சூப்பர் பாஸ்பேட் என்பது பழகிய கணக்கு. உங்கள் பத்து சென்ட்டுக்கு 30 கிலோ, 8 கிலோ, 2 கிலோ. மூன்றையும் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அதில் பாதியைக் குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு குட்டை முழுக்கத் தெளியுங்கள். மீதியை இரண்டு மூன்று தவணையாக, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். புளித்த கூழில் பெருகுகிற பாக்டீரியாவை ரோட்டிஃபர் தின்னும், ரோட்டிஃபரைக் குஞ்சு தின்னும். கடையில் விற்காத புரோபயாட்டிக் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இத்தோடு உறை ஊற்றுகிற வேலை ஒன்று உண்டு. பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் குட்டையில் இரண்டு மூன்று வருடமாக நோய் நொடி இல்லாமல் மீன் வளர்கிறதென்றால், அங்கிருந்து பத்துப் பதினைந்து குடம் பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்கி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நிரப்பிய மூன்றாம் நாள்வாக்கில் ஊற்றுங்கள். மீன் பேன் இருக்கிற குட்டையென்றால் வேண்டவே வேண்டாம். சாயக் கழிவு கலக்கிற ஓடை, ஊர்ச் சாக்கடை சேர்கிற குளம் இவற்றின் பக்கம் போகாதீர்கள்.

விடுவதற்கு முந்தின நாள், ஒரு நுண்வலையில் 50 லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அடியில் தங்குவதை அளவு குப்பியில் ஊற்றித் தெளியவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மில்லி மிதவை உயிர் இருந்தால் தண்ணீர் தயார். இல்லாவிட்டால் பொரிப்பகத்துக்குப் போன் போட்டுக் குஞ்சை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பவானிசாகர் அரசு மீன்குஞ்சுப் பண்ணையானாலும் தனியாரானாலும் முன்கூட்டிச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். அன்றைக்கே நீர்ப்பூச்சிக்கு, பத்து சென்ட்டுக்கு முக்கால் கிலோ சோப்பையும் இரண்டேகால் கிலோ மலிவான தாவர எண்ணெயையும் கரைத்துக் காற்றில்லாத நேரம் மேலே தெளித்துவிடுங்கள். பூச்சி மூச்சுவிட மேலே வரும்போது படலத்தில் சிக்கிச் சாகும்.

குஞ்சு வந்ததும் பையை இருபது நிமிடம் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அப்புறம் திறவுங்கள். பையிலிருக்கும் தண்ணீரைக் குட்டைக்குள் கொட்டாமல், மெல்லிய துணித் தொட்டிலில் வாங்கிக் குஞ்சை மட்டும் விட்டால் நல்லது. வழியெல்லாம் கழிவும் செத்த குஞ்சும் ஊறிய தண்ணீர் அது. வாய் திறந்த அன்றைக்கு அதையா ஊட்டுவது?

தீனி, கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சமமாக, மாவாகச் சலித்தது. லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், அப்புறம் 1.2 கிலோ. இதற்கு மேல் போட்டால் அது குஞ்சுக்குப் போகாது, அந்தச் சந்தர்ப்பவாதிக் கூட்டத்துக்குத்தான் விருந்து.

இனி டப்பா. கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் பேசில்லஸ் வகை. வித்தாக உறங்குவதால் அலமாரியில் கெடாது. தீனியில் கலந்து கொடுக்கிறவரை குடலில் இருக்கும். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ கழிந்துபோகும், நிரந்தரமாகக் குடியேறுவது அரிது. விருந்தாளி மாதிரி. ஆகவே "எத்தனையாவது நாளில் கொடுத்தால் ஒட்டும்" என்ற கேள்விக்கு, வாய் திறக்கிற நாளிலிருந்து என்பதுதான் சிறந்த பதில், ஆனாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பணமிருந்தால் முதல் இரண்டு வாரம் தீனியில் கலவுங்கள், கெடுதல் இல்லை. தண்ணீரில் போடுவதானால் காலை வெயில் ஏறியபிறகு போடுங்கள். பேசில்லஸும் ஆக்சிஜனைக் குடிக்கும், மேகமூட்டமான நாளிலும் ராத்திரியிலும் குஞ்சுக்கே அது பற்றாது.

தயிர் வேண்டாம். பாலில் வாழப் பழகிய பாக்டீரியா அது; அத்தோடு போகிற பால் தண்ணீரைக் கெடுக்கும். ஜீவாமிர்தம் தோட்டத்துக்கு நல்லது. குட்டைக்கு அது சாணமும் வெல்லமும் மாவும் சேர்ந்த உரம், அவ்வளவே. குஞ்சு விடுவதற்கு முன் புளித்த கூழுக்குப் பதிலாகக் கொஞ்சம் ஊற்றலாம், குஞ்சு இருக்கும்போது குடம் குடமாக ஊற்றினால் விடியற்காலை ஆக்சிஜன் இறங்கி எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும்.

அந்த ஆன்டிபயாட்டிக் பொடியை மட்டும் தயவுசெய்து மறுபடி தொடாதீர்கள். ஒரு பக்கம் நல்ல பாக்டீரியா டப்பா, இன்னொரு பக்கம் அதைக் கொல்கிற பொடி, இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்களே, அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. லேபிளில் குளோராம்பெனிகால் என்றோ நைட்ரோஃபியூரான் என்றோ இருந்தால் அது மீனுக்குத் தடை செய்யப்பட்ட சரக்கு. வேறெதுவாக இருந்தாலும் நோய் இன்னதென்று பரிசோதனையில் தெரியாமல் போடுவது, குடியேற ஆரம்பித்த கூட்டத்தைக் கலைத்துக் களத்தை மறுபடி காலியாக்குகிற வேலைதான்.

இந்த முறை குஞ்சு விட்ட இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் காலை ஒன்பது மணிக்கு, குட்டையின் நான்கு மூலையிலிருந்தும் பத்துப் பத்துக் குஞ்சு எடுத்துக் கண்ணாடி டம்ளரில் வெயிலுக்கு நேராகப் பாருங்கள். குடல் கோடு எத்தனை குஞ்சில் நிறைந்திருக்கிறது, எத்தனையில் காலி என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். பத்தில் மூன்றுக்கு மேல் காலியாக இருந்தால் கடிதம் போடவெல்லாம் காத்திருக்க வேண்டாம், மீதிக் கூழில் ஒரு தவணையை அன்றைக்கே தெளித்துவிடுங்கள்.